குப்பைக்கு மரியாதை, கூடைக்காரிக்கு?



நம் பகுதிப் பெண்களைத் தேடி ஒரு வேலை வந்திருக்கிறது. பழைய செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, பசை தடவி, வளைத்துக் கட்டித் தட்டு, கூடை, விளக்குக் கூண்டு முதலியவை செய்ய வேண்டுமாம். ஓர் ஏற்றுமதி வியாபாரி அவற்றை வாங்கிச் சீமைக்கு அனுப்புவாராம். மைசூரில் நம் சங்கத்து மகளிர் அணியை வைத்தே தொடங்கலாம் என்று அவருடைய தரகர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். "குப்பையிலிருந்து கலை, காட்டுக்குப் பாதுகாப்பு, ஏழைப் பெண்ணுக்குச் சோறு" என்று மூன்று வரம் ஒரே மூச்சில் கொடுத்தார். உருப்படிக்குக் கூலி என்றார். மணிக்கு என்ன விழும் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

இதில் சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. வந்த வேலையை விடக்கூடாது என்பது ஒரு கட்சி. வெளிநாட்டான் வரவேற்பறைக்கு நம் வீட்டுப் பெண்கள் விரல் தேய வேண்டுமா என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரையும் ஒரு காரியம் செய்யச் சொல்கிறேன். முடிவெடுக்குமுன் மாதேஸ்வரன் மலையை ஒருமுறை ஏறிப் பாருங்கள். சாமி கும்பிட மட்டுமல்ல, கணக்குப் பார்க்கவும்தான். வேண்டாத பொருளில் கைவேலை செய்து நகரத்துக்கு விற்கும் தொழில் அங்கே ஏறக்குறைய 20 ஆண்டுகளாக நடக்கிறது. அதன் நன்மையும் அங்கே தெரியும், குறையும் அங்கே தெரியும்.

மலையில் நடப்பது

மாதேஸ்வரன் மலை நமக்கு அந்நியமல்ல. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி மாறினாலும் மேட்டூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பாலாறு வழியாக நம் சனம் மலையேறுவது நிற்கவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் கோயிலைச் சுற்றிய காட்டைப் பார்க்கிறோம்? அந்தக் காட்டின் மக்கள் சோளகர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர்களே.

அந்தக் காட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பது உண்ணிச்செடி. நம் ஊர் ரயில் பாதை ஓரத்திலும் பூத்துக் கிடப்பதுதான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து, பூ அழகாயிருக்கிறது என்று, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் இந்தியத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து வைத்தான். தோட்டத்தைத் தாண்டி அது காட்டைப் பிடித்தது. இந்தியாவில் புலி வாழும் காட்டுப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்தச் செடியின் பிடியில் இருப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. மானுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் போகும். மூங்கில் குருத்துக்கும் மரக்கன்றுக்கும் வெளிச்சம் போகும்.

பெங்களூரில் 1996-இல் தொடங்கப்பட்ட ஏட்ரீ என்னும் ஆய்வு நிறுவனம் இந்த மலையில் ஒரு வழி சொன்னது. மூங்கிலும் பிரம்பும் அரிதாகிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக உண்ணித் தண்டை எடுத்துக்கொள்ளலாம் என்றது. தண்டை வெட்டி, பெரிய பீப்பாயில் வேகவைத்து, பட்டை உரித்தால் பிரம்புபோல் வளையும். நாற்காலி, சோபா, கூடை, பொம்மை எல்லாம் செய்யலாம். சோளகரும் கூடை முடையும் குடும்பத்தாரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். மலையில் கைவினை மையம் வந்தது. இது நல்ல வேலை. இதை இகழ்கிறவன் வேலையில்லாத வீட்டின் அடுப்பைப் பார்த்ததில்லை என்றுதான் பொருள்.

உண்ணி யானைகளின் புகழ் அதன்பின் வந்தது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய மக்கள் இதே தண்டில் உயிருள்ள யானையின் அளவுக்கு யானைகள் செய்தார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் 100 யானைகள் கொண்ட கூட்டம் தன் பயணத்தைத் தொடங்கி, நியூயார்க் வந்து, பிறகு அந்த நாட்டின் குறுக்கே போயிற்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இப்போது செடியில் செய்தாலும் ஆயிரம் பொன்தான். மனிதனும் விலங்கும் சேர்ந்து வாழ வேண்டும் என்பது அந்த யானைகள் சுமந்து போன செய்தி. செய்தி சரி. அதைக் கட்டியவர்கள் காட்டோடு சேர்ந்து வாழ முடிகிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

மூங்கில் எங்கே போயிற்று?

கூடை முடைகிறவன் மூங்கிலை விட்டுவிட்டுக் களைச்செடிக்கு ஏன் வந்தான்? அவனுக்குக் களைச்செடி மேல் காதலா? இதற்குப் பதில் காகிதத்தில் இருக்கிறது.

கர்நாடகத்தில் தண்டேலியில் மேற்குக் கடற்கரைக் காகித ஆலை எழுந்தபோது, 1958-இல், காட்டு மூங்கில் அதற்கு ஒரு டன் ஒன்றரை ரூபாய் என்று ஒதுக்கப்பட்டது. மறுபடியும் படியுங்கள். ஒரு டன், ஒன்றரை ரூபாய். அதே காலத்தில் மேதர் என்னும் கூடை முடைவோர் சந்தையில் மூங்கிலுக்குப் பல நூறு மடங்கு விலை கொடுத்தார்கள். ஆலைக்கு மானியம், கூடைக்காரனுக்குச் சந்தை விலை! மூங்கில் குறைந்துகொண்டே வந்தது. கூடை முடைவோர் முறையிட்டார்கள். 1970-களில் மாதவ் காட்கில் என்னும் அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் அரசு சார்பில் காட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். மூங்கில் புதரின் அடியில் இருக்கும் முள்ளை "சுத்தம்" செய்வதாக அதிகாரிகள் வெட்டிவிட்டிருந்தார்கள். முள் போனதும் இளங்குருத்தை மாடும் காட்டு விலங்கும் தின்று தீர்த்தன. புதர் நெரிசலாகி மூங்கில் கெடும் என்பது வனத்துறைப் புத்தகத்தில் இருந்தது. முள்தான் குருத்துக்கு வேலி என்பது காட்டோரக் குடியானவன் சொல்லில் இருந்தது. எது சரியாயிற்று என்பதைக் குருத்தே சொல்லிவிட்டது.

சட்டம் செய்த வேடிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூங்கில் புல் வகை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டமோ அதை மரம் என்றது. மரம் என்றால் அரசு சொத்து. வெட்டினால் குற்றம். 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம்தான் மூங்கிலைச் சிறு வனப் பொருள் என்று பெயரிட்டு, காட்டு மக்களுக்கு அதை எடுக்கவும் விற்கவும் உரிமை உண்டு என்றது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா என்னும் சிற்றூர் போராடி, 2011-இல் தன் மூங்கிலைத் தானே விற்கும் உரிமையைக் கையில் வாங்கியது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மர வகையிலிருந்து நீக்கப் பாராளுமன்றத்துக்கு 2017 வரை ஆயிற்று. 90 ஆண்டு! அதற்குள் எத்தனை கூடைக்காரர் நகரத்துக்குக் கல் உடைக்க வந்தார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை.

காகிதம் திரும்பி வருகிறது

மூங்கில் காகிதமாயிற்று. காகிதம் குப்பையாயிற்று. அந்தக் குப்பை இன்று உலகம் சுற்றுகிறது. மேல்நாட்டார் கழித்த காகிதத்தைச் சீனா நெடுங்காலம் வாங்கிக்கொண்டிருந்தது. 2018-இல் தரம் பிரிக்காத கழிவுக் காகிதத்துக்குக் கதவைச் சாத்தியது. 2021-இல் திடக்கழிவு இறக்குமதியையே நிறுத்தியது. அதன்பின் அந்த மூட்டைகள் இந்தியா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் பக்கம் திரும்பின. இந்திய ஆலைகள் ஆண்டுக்குப் பல பத்து லட்சம் டன் கழிவுக் காகிதத்தை வெளிநாட்டிலிருந்து இறக்குகின்றன. காகிதம் என்று எழுதிய பெட்டியில் வீட்டுக் குப்பையும் பிளாஸ்டிக்கும் வந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் பிடிபட்டதும் உண்டு.

வெளிநாட்டுக் கழிவின் விலை இறங்கினால் முதலில் அடி வாங்குவது யார்? தெருத் தெருவாய்க் காகிதம் பொறுக்கும் பெண்ணும், தராசு வைத்துப் பழைய பேப்பர் கடை நடத்தும் நம் ஆட்களும். பெங்களூர் மாநகராட்சி 2011 முதல் குப்பை பொறுக்குவோருக்கு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. அட்டையால் போலீஸ்காரர் தொல்லை குறையலாம். கிலோ விலைக்கு அட்டையால் காவல் இருக்க முடியாது.

ஆக, வட்டம் முழுமையாகிறது. காட்டு மூங்கில் ஆலைக்குப் போயிற்று. கூடைக்காரியின் தொழில் போயிற்று. ஆலையின் காகிதம் குப்பையாகித் திரும்பி வந்தது. "இந்தா, இதில் கூடை செய், உனக்கு வாழ்வளிக்கிறோம்" என்று அதே கூடைக்காரியிடம் நீட்டுகிறார்கள். மூங்கிலைப் பறித்துக்கொண்டு காகிதத்தைத் தருமம் செய்வதற்குப் பெயர் சூழல் பாதுகாப்பாம்!

அவர்கள் சொல்லும் நான்கு நியாயங்கள்

முதல் நியாயம்: பழைய காகிதத்தில் பொருள் செய்தால் மரம் பிழைக்கிறது.

நம் ஊரில் பழைய செய்தித்தாள் குப்பைமேட்டுக்கா போகிறது? மாதக் கடைசியில் மூட்டை கட்டி எடைக்குப் போடாத குடும்பம் உண்டா? கடையிலிருந்து அது ஆலைக்குப் போய்க் கூழாகி மறுபடி காகிதமோ அட்டையோ ஆகிறது. காகித நார் ஒவ்வொரு முறை கூழாகும்போதும் குட்டையாகும். ஏறக்குறைய 5 முதல் 7 முறை வரை தாங்கும் என்பார்கள். மரத்திலிருந்து புதிதாய்க் கூழெடுப்பதைவிட இதற்குத் தண்ணீரும் மின்சாரமும் குறைவு. இப்படி ஆறு முறை உழைக்க வேண்டிய காகிதத்தைச் சுருட்டி, பசையும் வார்னிஷும் பூசிக் கூடையாக்கிவிட்டால், அது பிறகு எந்த ஆலைக்கும் ஆகாது. கூடை பிய்ந்தால் குப்பைதான். மரத்தைக் காப்பாற்றவில்லை, மறுபிறவி இருந்த காகிதத்துக்கு மோட்சம் கொடுத்துவிட்டோம்!

இந்த இடத்தில் மலைக்காரனின் தொழில் நம்முடையதைவிட ஒரு படி மேல். உண்ணித்தண்டு உண்மையிலேயே எவருக்கும் வேண்டாத பொருள். அதில் செய்த நாற்காலி ஒரு பிரம்பு நாற்காலிக்குப் பதிலாக வருகிறது. "கழிவு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். நாம் குழம்ப வேண்டாம்.

இரண்டாவது நியாயம்: களையில் பொருள் செய்தால் களை ஒழிகிறது.

ஒழியாது. தண்டை வெட்டினால் உண்ணி அடியிலிருந்து துளிர்க்கும். ஒழிக்க வேண்டுமானால் வேர்க்கழுத்தை மண்ணுக்குக் கீழே வெட்டித் தலைகீழாய்ப் போட வேண்டும். பிறகு அந்த இடத்தில் புல்லும் கன்றும் வரும்வரை ஆண்டுக்கணக்கில் முளைத்ததைப் பிடுங்க வேண்டும். கைவினைக்கு வேண்டியது குறிப்பிட்ட பருமனுள்ள தண்டு மட்டும். காட்டில் கிடக்கும் கடலில் அது ஒரு சொம்புத் தண்ணீர். வேகவைக்க விறகும் வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிழைப்பே களையை நம்பி ஆகிவிட்டால், களை ஒழிய வேண்டும் என்று யார் நினைப்பார்? காட்டைச் சுத்தம் செய்வது அரசின் வேலை. அதற்குத் தனிக் கூலி கொடுத்துக் காட்டு மக்களையே அமர்த்த வேண்டும். பொம்மை விற்ற காசில் காடு திருத்துவது, உண்டியல் காசில் அணை கட்டுவது போன்றது.

களை எப்படிப் பரவிற்று என்று பிளிகிரிரங்கன் மலைச் சோளகர் சொல்வது கவனிக்கத்தக்கது. கோடை முற்றுமுன் சருகுக்குச் சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கம். "தரகு பெங்கி" என்பார்கள். அந்தத் தீயில் உண்ணியின் நாற்று கருகும், பெருமரம் தப்பும். 1974-இல் சரணாலயம் வந்தது, தீ குற்றமாயிற்று, உண்ணி மண்டிற்று என்கிறார்கள். அவர்கள் பேச்சில் தரகு என்றால் சருகு. தமிழில் தரகு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் சருகுத் தீயை அணைத்தார்கள். நம் தெருவில் தரகுத் தீ பற்றுகிறது.

மூன்றாவது நியாயம்: வேலை கிடைக்கிறது.

கிடைக்கிறது, மறுக்கவில்லை. உகாண்டா நாட்டுக் கம்பாலாவில் பெண்கள் பழைய காகிதத்தைச் சுருட்டி வார்னிஷ் பூசி மணிமாலை செய்தார்கள். இலங்கையில் கேகாலைப் பக்கம் யானைச் சாணத்தில் காகிதம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இவற்றால் அடுப்பெரிந்த வீடுகள் உண்டு. ஆனால் சீமைக்காரரின் விருப்பம் பருவக்காற்று மாதிரி. இந்த ஆண்டு மணிமாலை, அடுத்த ஆண்டு வேறொன்று. காற்று நின்றால் வியாபாரி வேறு சரக்குக்குப் போவார். வீட்டில் தேங்கிய கூடையோடு நிற்பவள் நம் பெண்.

வீட்டிலிருந்து உருப்படிக் கூலிக்கு வேலை செய்வது மைசூருக்குப் புதிதா? பீடி சுற்றினோம், ஊதுபத்தி உருட்டினோம். பீடித் தொழிலாளிக்கு 1966-இல் தனிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவளும் தொழிலாளிதான் என்று அது ஒப்புக்கொண்டது. எந்த முதலாளியும் மனமிரங்கித் தந்ததல்ல அது. கொடி பிடித்து வாங்கியது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. காகிதம் சுருட்டுகிறவளுக்கு இன்று என்ன காவல்? "கைவினைக் கலைஞர்" என்ற பட்டம் ஒன்றுதான். தொழிலாளி என்று சொன்னால் கூலிச் சட்டம் கேள்வி கேட்கும். கலைஞர் என்று சொன்னால் கைதட்டினால் போதும்.

நான்காவது நியாயம்: வாங்குபவர் நல்ல எண்ணத்தோடு வாங்குகிறார்.

வாங்குபவர் நல்லவர்தான். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் விமானத்தில் போகும் சரக்குக்குக் கப்பலில் போவதைவிடப் பல பத்து மடங்கு புகை என்று அவருக்கு யார் சொன்னார்? பண்டிகைக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், லேசான காகிதக் கூடையைக் கனமான அட்டைப் பெட்டியில் வைத்து, பிளாஸ்டிக் குமிழித் தாளைச் சுற்றி அனுப்பினால், சுற்றுச்சூழல் எந்தப் பக்கம் பிழைக்கிறது? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். பெயர் அவருக்கு, புண்ணியம் வாங்கியவருக்கு, விரல் வலி நமக்கு.

சீட்டில் எழுதாத கதை

நான் ரயில்வே குமாஸ்தா. சரக்குக்குச் சீட்டு எழுதுவது எங்கள் தொழில். அதில் அனுப்புநர் உண்டு, பெறுநர் உண்டு, உருப்படி உண்டு, எடை உண்டு. செய்தவர் பெயருக்கு ஒரு கட்டம் எந்தச் சீட்டிலும் நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்குப் போகும் கைவினைப் பொருளில் இன்னொரு அழகான சீட்டும் தொங்கும். "பழங்குடியினர் இயற்கையோடு இயைந்து செய்தது" என்று அதில் அச்சிட்டிருக்கும்.

மாதேஸ்வரன் மலையில் அந்த இயைபு எப்படியிருந்தது? வீரப்பன் வேட்டை என்ற பெயரில் இரண்டு மாநில அதிரடிப் படைகள் மலை மக்களை ஆண்டுக்கணக்கில் வதைத்தன. சதாசிவா குழு விசாரித்த பின், 2007-இல், தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. 2002-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்ட பின் சரணாலயங்களில் விற்பனைக்கு நெல்லிக்காயும் தேனும் பாசியும் எடுப்பது தடைப்பட்டது. பக்கத்துப் பிளிகிரிரங்கன் மலைச் சோளகர் விடாது போராடி 2011-இல் சமூக வன உரிமையைப் பெற்றார்கள். மாதேஸ்வரன் மலைக் காடு 2013-இல் சரணாலயமாயிற்று. 2025 ஜூனில் அங்கே ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சு வைத்த மாட்டைத் தின்று செத்தன. அது கொடுமை. அதைச் செய்தவனுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் அதையடுத்து, காட்டில் மாடு மேய்ப்பதையே, குறிப்பாகத் தமிழ்நாட்டுப் பக்கத்து மாடுகளை, நிறுத்த வேண்டும் என்று கர்நாடக அரசு கிளம்பிற்று. குற்றம் ஒருவனுடையது, மேய்ச்சல் ஊருடையது.

மூங்கிலுக்குத் தடை, தேனுக்குத் தடை, மேய்ச்சலுக்குத் தடை. தடையில்லாமல் மிஞ்சியது களைச்செடி ஒன்றுதான். அதில் செய்த யானை சீமைக்குப் போகிறது, செய்தவன் காட்டுக்குள் போகக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. சீட்டில் இந்தக் கதையை அச்சடிப்பார்களா?

நாம் கேட்க வேண்டியது

அப்படியானால் இந்த வேலையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழிவில் பொருள் செய்வது சீமைக்காரன் நமக்குச் சொல்லித்தந்த வித்தையும் அல்ல. பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, முறத்துக்கும் கூடைக்கும் பூசியவர்கள் நம் பாட்டிகள். கொலுப்படியில் காகிதக்கூழ்ப் பொம்மை இல்லாத வீடு குறைவு. புதுச்சேரியில் 1959-இல் தொடங்கிய ஆசிரமத்துக் கைக்காகிதப் பட்டறை பருத்திக் கழிவிலிருந்து காகிதம் செய்து பேர் வாங்கியது. கழிவு கேவலமல்ல. கழிவோடு சேர்த்து மனிதரையும் கழிவு விலைக்கு வாங்குவதுதான் கேவலம்.

பொருள் பச்சையா பழுப்பா என்று கேட்பது போதாது. மூலப்பொருள் யார் கையில், கணக்கு யார் கையில், இவை இரண்டையும் கேட்க வேண்டும். மலையில் பயிற்சி கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. மூங்கில் உரிமை கிடைத்திருந்தால் மக்கள் களையை விரும்பி எடுத்திருப்பார்கள், கதியற்று அல்ல. மேண்டா லேகாவில் உரிமை முதலில் வந்தது, வியாபாரம் பிறகு வந்தது. வரிசை மாறினால் பலன் மாறும்.

ஆகவே தரகர் மறுபடி வரும்போது சங்கம் கேட்க வேண்டியவை ஐந்து.

ஒன்று: கூலியை மணிக் கணக்கில் பேச வேண்டும். வேகமாய்ச் செய்பவர், மெதுவாய்ச் செய்பவர், வயதானவர் மூவரையும் சங்கத்தில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நாள் வேலையை நாமே அளப்போம். காகிதம் வெட்டும் நேரம், பசை காயும்வரை திருப்பிப் போடும் நேரம் எல்லாம் வேலை நேரமே. அளந்ததில் கர்நாடகத்தின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே விழுந்தால் கைகூப்பி அனுப்பிவிட வேண்டும்.

இரண்டு: காகிதம் நம் பகுதிப் பழைய பேப்பர் கடையிலிருந்து, கடைக்காரருக்கு ஆலை கொடுக்கும் விலைக்குக் குறையாமல் வாங்கப்பட வேண்டும். சுத்தமாயிருக்கிறது என்று புதுத்தாளைக் கொடுத்துப் "பழையது" என்று எழுதச் சொன்னால் அந்தப் பொய்க்கு நாம் கை கொடுக்கக் கூடாது. கிழிந்ததும் கறைபட்டதும், அதாவது ஆலைக்கு ஆகாத காகிதமே, முதலில் கைவேலைக்கு வரட்டும்.

மூன்று: பசையும் வார்னிஷும் வியாபாரியின் செலவு. வார்னிஷ் பூசும் வேலை ஒற்றை அறை வீட்டில், அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நடக்கக்கூடாது. காற்றோட்டமான பொது இடம் அவர் எடுத்துத் தர வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விரலுக்கு இதில் வேலை இல்லை.

நான்கு: வாய்ச்சொல் வேண்டாம். எத்தனை உருப்படி, என்ன விலை, எந்த நாளில் பணம் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுத்தில் வேண்டும். முன்பணம் வேண்டும். "தரமில்லை" என்று திருப்புவதானால் காரணம் எழுதித் திருப்ப வேண்டும். செய்த கூலியைப் பிடிக்கக் கூடாது.

ஐந்து: சரக்கு கப்பலில் போக வேண்டும். தொங்கும் சீட்டில் இரக்கக் கதை வேண்டாம். செய்தவர் விரும்பினால் அவர் பெயர், ஊர், அந்தப் பொருளுக்கு அவர் பெற்ற கூலி, இந்த மூன்றும் போதும். வாங்குபவர் நல்லவர் என்கிறார்களே, அந்தக் கூலியைப் பார்த்த பிறகும் நல்லவராகவே இருப்பார்.

இவ்வளவும் கேட்டால் வியாபாரி ஓடிவிடுவார், வேறு தெருவுக்குப் போவார் என்று சிலர் பயப்படுகிறார்கள். போகலாம். வேறு தெருவிலும் நம் சாதிசனம் மட்டுமல்ல, கன்னடப் பெண்களும் உருதுப் பெண்களும் இருக்கிறார்கள். ஊதுபத்தி உருட்டிய கைகள் எந்த மொழி பேசினாலும் ஒன்றாகத்தான் வலித்தன. அந்தத் தெருக்களுக்கும் இந்த ஐந்து கேள்விகளைக் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதிக் கொண்டுபோவோம். எல்லாத் தெருவும் ஒரே கேள்வியைக் கேட்டால் அவர் எங்கே ஓடுவார்?

மலைக்காகவும் ஒரு வேண்டுகோள். மாதேஸ்வரன் மலைச் சோளகரின் கிராம சபைகளுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூங்கில் உள்ளிட்ட வனப் பொருள் உரிமையை முழுதாய்க் கொடுக்க வேண்டும், உண்ணி அகற்றும் வேலைக்கு அரசே கூலி கொடுத்து அவர்களை அமர்த்த வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டு, சாமராஜநகர் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். நமக்கென்ன என்று கேட்காதீர்கள். காட்டிலிருந்து மூங்கில் போனதால்தான் கூடை முடைகிறவர் நகரத்துக்கு வந்து நம்மோடு வரிசையில் நிற்கிறார். அவர் கூலி இறங்கினால் நம் கூலியும் இறங்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த ஐந்தையும் இந்தத் தீர்மானத்தையும் நான் வைக்கப் போகிறேன். மறுப்பவர்கள் வந்து மறுங்கள். ஆனால் மறுக்குமுன், ஒரு செய்தித்தாளை எடுத்து ஒரே ஒரு தட்டை முழுதாய்ச் செய்து பார்த்துவிட்டு, எத்தனை நாழிகை ஆயிற்று என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.